மடற்குழுவும் கருத்துக்களமும்: தொழில்நுட்பக் குழுக்களின் உரையாடலும் ஆவணக் காப்பும்

ஆய்வுச் சுருக்கம்

திறமூல மென்பொருள்களை உருவாக்கும் குழுக்களும் இணையத் தரங்களை வகுக்கும் குழுக்களும் பெரும்பாலும் நேரில் கூடாமலே இயங்குகின்றன. அவற்றின் உரையாடல் வெளிகளாக இரு அமைப்புகள் நிலைபெற்றுள்ளன. ஒன்று மின்னஞ்சல்வழி இயங்கும் மடற்குழு. மற்றொன்று வலைத்தளத்தில் இயங்கும் கருத்துக்களம். இவற்றிடையே உள்ள வேறுபாடு பயன்பாட்டு எளிமை சார்ந்ததாகவே பெரிதும் பேசப்படுகிறது. உரையாடலின் நகல் யாரிடம் தங்குகிறது என்பதே அடிப்படை வேறுபாடு என்பதையும், நுழைவு, மட்டுறுத்தல், ஆவணக் காப்பு ஆகிய பிற வேறுபாடுகள் அதிலிருந்தே கிளைக்கின்றன என்பதையும் லினக்ஸ் கெர்னல், பைத்தான், தமிழ்க் கணிமை ஆகிய மூன்று சான்றுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மடற்குழு, கருத்துக்களம், மட்டுறுத்தல், ஆவணக் காப்பு, திறமூலம், தமிழ்க் கணிமை, டிஸ்கி.

முன்னுரை

ஒரு மென்பொருளின் நிரலைப் படிப்பவர் அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியலாம். ஒரு வழி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, மாற்று வழி ஏன் கைவிடப்பட்டது, மறுத்தவர் எக்காரணம் காட்டினார், அம்மறுப்புக்கு என்ன விடை தரப்பட்டது ஆகியவற்றை நிரலிலிருந்து அறிய இயலாது. அவை அக்குழுவின் உரையாடலில் இருக்கின்றன. எனவே ஒரு தொழில்நுட்பக் குழு எங்கு உரையாடுகிறது என்ற வினா, அக்குழுவின் வரலாறு எங்குச் சேமிக்கப்படுகிறது என்ற வினாவும் ஆகும்.

தமிழ் இணைய வழக்கில் ‘மடற்குழு’, ‘மடலாடற்குழு’ என்னும் சொற்கள் மின்னஞ்சல்வழி இயங்கும் குழுவைக் குறிக்கின்றன. வலைத்தளத்தில் தலைப்புவாரியாக விவாதிக்கும் அமைப்பு ‘கருத்துக்களம்’ என்றும் ‘மன்றம்’ என்றும் வழங்கப்படுகிறது. மடல் ஒருவரின் முகவரிக்குச் சென்று சேர்வது; களம் ஒருவர் தாமே சென்று சேர வேண்டிய இடம். இவ்விரு பெயர்களிலேயே இரண்டின் இயல்பும் ஓரளவு விளங்குகிறது.

வரலாற்றுப் பின்புலம்

மடற்குழுவின் தொடக்கம் ஆர்ப்பாநெட் காலத்தைச் சேர்ந்தது. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆர்ப்பா நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் வாக்கர் ‘மெசேஜ் குரூப்’ என்னும் குழுவைத் தொடங்கிவைத்தார். மின்னஞ்சல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே அக்குழு விவாதித்த பொருள். தொடக்ககால மடற்குழுக்களுள் ஒன்று, தான் இயங்கும் ஊடகத்தையே ஆராய்ந்த தொழில்நுட்பக் குழுவாக இருந்தது குறிப்பிடத்தக்கது. 1986இல் பாரீசில் மாணவராக இருந்த எரிக் தோமா, பிட்நெட் வலையமைப்புக்காக ‘லிஸ்ட்செர்வ்’ என்னும் மென்பொருளை எழுதினார். குழுவில் சேர்வதும் விலகுவதும் மனிதத் தலையீடின்றி நடைபெற அது வழிசெய்தது.

இதற்கு இணையாக மற்றொரு மரபும் வளர்ந்தது. டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979இல் திட்டமிட்ட யூஸ்நெட், செய்திகளைத் தனியர் அஞ்சற்பெட்டிகளுக்கு அனுப்பாமல் பல கணினிகளில் பகிர்ந்துவைத்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் தாம் எழுதிவரும் இயங்குதளம் குறித்து அறிவித்ததும் மினிக்ஸ் தொடர்பான யூஸ்நெட் குழுவில்தான்.

வலை பரவிய பின்னர்த் தரவுத்தளத்தைக் கொண்டு இயங்கும் கருத்துக்களங்கள் தோன்றின. பிஎச்பிபிபி, விபுல்லட்டின் ஆகிய இரு களமென்பொருள்களும் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. 2013இல் ஜெஃப் ஆட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் ஆகியோர் ‘டிஸ்கோர்ஸ்’ என்னும் திறமூலக் களமென்பொருளை அறிமுகப்படுத்தினர். இன்று தொழில்நுட்பக் குழுக்கள் மடற்குழுவை விட்டு நீங்கும்போது பெரிதும் நாடும் மென்பொருள்களுள் ஒன்று இதுவே.

மடற்குழு இயங்கும் முறை

உறுப்பினர் ஒருவர் குழுவின் பொதுமுகவரிக்கு மடல் எழுதுகிறார். குழுவை நடத்தும் வழங்கி அம்மடலைப் பெற்று, உறுப்பினர் அனைவர்க்கும் ஒவ்வொரு படி அனுப்புகிறது. அந்நொடியிலிருந்து அம்மடல் நூற்றுக்கணக்கான அஞ்சற்பெட்டிகளில் தனித்தனி நகலாக வாழ்கிறது. எழுதியவர் அதைத் திரும்பப் பெறவோ திருத்தவோ இயலாது. பிழை கண்டால் மற்றொரு மடல்தான் எழுத வேண்டும்.

மடல்களிடையே உள்ள தொடர்பும் எந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தையும் சார்ந்ததன்று. ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் அதற்கே உரிய அடையாளக் குறி ஒன்று இடம்பெறுகிறது. விடைமடல், தான் எம்மடலுக்கு விடை என்பதை அக்குறியைச் சுட்டித் தெரிவிக்கிறது. 1982இல் வெளியான ஆர்எஃப்சி 822 என்னும் ஆவணத்திலேயே இவ்வமைப்பு உண்டு; 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5322 அதைத் தொடர்கிறது. கிளைத்துச் செல்லும் விவாத இழையை எந்த அஞ்சல் மென்பொருளும் இக்குறிகளைக் கொண்டு மீண்டும் கட்டியெழுப்பிவிடலாம். மடல்கள் கலைந்து கிடந்தாலும் அவற்றின் உறவுமுறை மடலுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது.

இப்பண்பு தரப்படுத்தும் குழுக்களுக்கு மிகவும் பொருந்துவது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் பணிக்குழுக்கள் மடற்குழுவையே தம் முதன்மைக் களமாகக் கொண்டுள்ளன. முன்னர் மடற்குழுவில் விவாதிக்கப்படாத பொருள்மீது நேர்க்கூட்டத்தில் முடிவெடுக்கப்பட்டால், அம்முடிவு மடற்குழுவில் மீள்பார்வைக்கு உட்பட வேண்டும் என 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2418 விதிக்கிறது. பயணம் செய்து கூட்டத்திற்கு வர இயலாதவருக்கும் முடிவில் பங்கு உண்டு என்பதே இவ்விதியின் பயன்.

கருத்துக்களம் இயங்கும் முறை

கருத்துக்களத்தில் ஒவ்வொரு பதிவும் ஒரு வழங்கியின் தரவுத்தளத்தில் ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படுகிறது. படிப்பவர் எத்தனை ஆயிரம் பேராயினும் அனைவரும் அந்த ஒரே படியையே காண்கின்றனர். இதனால் வரும் நன்மைகள் பல. எழுதியவர் தம் பதிவைத் திருத்தலாம். மட்டுறுத்துநர் தவறான இடத்தில் இடப்பட்ட பதிவை உரிய தலைப்புக்கு நகர்த்தலாம், வசைமொழியை நீக்கலாம், எல்லை மீறிய இழையைப் பூட்டிவைக்கலாம். இன்று சேர்ந்த உறுப்பினர் பத்தாண்டுக்கு முந்தைய பதிவையும் ஒரே தேடலில் கண்டு அதன்கீழ் விடை எழுதலாம். மடற்குழுவில் இன்று சேர்ந்தவரின் அஞ்சற்பெட்டியில் நேற்றைய மடல் இராது. அவர் குழுவின் காப்பகத்தைத் தனியே தேட வேண்டும்.

வேண்டிய தலைப்பை மட்டும் தொடர்வதும் களத்தில் எளிது. பெரிய மடற்குழுவில் சேர்பவர், தமக்குத் தொடர்பில்லாத மடல்களையும் சேர்த்தே பெறுகிறார்; அவற்றை வடிகட்டும் பொறுப்பு அவருடையது. களத்தில் வகைப்பாட்டுப் பணியை அமைப்பே செய்துவிடுகிறது.

எனினும் இந்நன்மைகள் யாவும் ஒரே காரணத்திலிருந்து வருபவை என்பதை நோக்க வேண்டும். ஒரே படி இருப்பதால்தான் திருத்தமும் நீக்கமும் இடமாற்றமும் இயல்கின்றன. அந்த ஒரு படி அழிந்தால் அனைத்தும் அழியும் என்பதற்கும் அதுவே காரணம். களத்தின் வசதியும் அதன் இடரும் ஒரே வேரில் முளைத்தவை.

லினக்ஸ் கெர்னல்: மடற்குழுவில் நிலைத்த குழு

லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலை உருவாக்குவோர் இன்றளவும் மடற்குழுக்களிலேயே இயங்குகின்றனர். அவற்றுள் முதன்மையானதில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மடல்கள் வருவது இயல்பு. இத்தகைய பெருக்கத்திலும் அக்குழு மடலை விடாமைக்குக் காரணம் அதன் பணிமுறையில் உள்ளது.

கெர்னலில் மாற்றம் செய்ய விரும்புபவர், நீக்கப்படும் வரிகளையும் சேர்க்கப்படும் வரிகளையும் காட்டும் ‘பேட்ச்’ என்னும் உரைத்துணுக்கை மடலின் உடற்பகுதியிலேயே எழுதி அனுப்புகிறார். உரிய பகுதியின் பராமரிப்பாளர், அத்துணுக்கை மேற்கோளாக எடுத்துக்கொண்டு, ஐயமுள்ள ஒவ்வொரு வரியின்கீழும் தம் கருத்தை எழுதி விடையிறுக்கிறார். பழைய உரைநூல்களில் மூலத்தின் அடிதோறும் உரை அமைவதைப் போன்றது இம்முறை. ஏற்கப்பட்ட துணுக்கை மடலிலிருந்து நேரே நிரற்களஞ்சியத்தில் சேர்க்கும் கட்டளைகள், டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் மென்பொருளிலேயே உள்ளன. மதிப்பாய்வு செய்தவரின் பெயரும், பல இடங்களில் அவ்விவாத மடலின் இணைப்பும், மாற்றக் குறிப்பில் நிலையாகப் பதிவாகின்றன. ஆகவே இக்குழுவில் மடல் என்பது பணியைப் பற்றிய பேச்சு அன்று. பணியே மடலாக நடைபெறுகிறது.

நகல் பரவலின் பயனை இக்குழுவின் காப்பக வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 2018இல் கெர்னல் குழுவினர் ‘லோர்’ எனப்படும் புதிய மடற்காப்பகத்தைத் திறந்தனர். பழைய மடல்களின் தொகுப்பை முழுமையாக்க, தனிநபர்கள் பாதுகாத்துவைத்திருந்த தொகுப்புகள் கேட்டுப் பெறப்பட்டன. ஒருவரிடம் இல்லாத மடல் மற்றொருவரிடம் இருந்தது. ஓலைச்சுவடிகளில் சிதைந்த பகுதியைப் பிற சுவடிகளைக் கொண்டு நிரப்பும் பதிப்பாசிரியரின் பணிக்கு இது ஒப்பாகும். மேலும், இக்காப்பகம் கிட் களஞ்சியமாகவே அமைந்திருப்பதால், விரும்பும் எவரும் அதன் முழுப் படியையும் தம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். காப்பகத்திற்கும் பல படிகள் இருக்கும் நிலை இவ்வாறு உறுதிசெய்யப்பட்டுள்ளது.

இம்முறைக்குரிய விலையும் உண்டு. வடிவமைப்புக் குறிகள் ஏதுமற்ற எளிய உரையாக மடல் அனுப்பும்படி அஞ்சல் மென்பொருளை அமைப்பதே புதியவருக்கு முதல் தடையாகிறது. அக்குழுவின் கடுமொழியும் நெடுங்காலம் குறைகூறப்பட்டுவந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்காக மடற்குழுவிலேயே மன்னிப்புக் கோரிச் சிறிது காலம் பணியிலிருந்து விலகி நின்றார். அதே காலத்தில் குழுவுக்கு நடத்தை விதித்தொகுப்பு ஒன்றும் ஏற்கப்பட்டது. அனுப்பப்பட்ட சொல்லை எவரும் மீளப் பெற இயலாத ஊடகத்தில், பின்னர் நீக்குவதற்கு வழியில்லை. எழுதுபவரின் கட்டுப்பாடு ஒன்றே அங்கு உண்மையான மட்டுறுத்தல் ஆகிறது.

பைத்தான்: களத்துக்குப் பெயர்ந்த குழு

பைத்தான் நிரல்மொழிக் குழு எதிர்த்திசையில் நகர்ந்தது. அம்மொழியின் வளர்ச்சி பற்றிய விவாதங்கள் பல்லாண்டுகள் மடற்குழுக்களில் நடைபெற்றன. 2018இல் ஒரு கோவையின் நடுவிலேயே மதிப்பேற்றம் செய்ய உதவும் புதிய குறியீடு ஒன்றை மொழியில் சேர்ப்பது குறித்து நீண்ட விவாதம் எழுந்தது. பிஇபி 572 எனப்படும் அம்முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஆயினும் அவ்விவாதம் தந்த சோர்வைச் சுட்டி, மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இந்நிகழ்வை மடற்குழு என்னும் ஊடகத்தின்மேல் மட்டும் ஏற்றுவது மிகையாகும். கருத்து முரண் எந்த ஊடகத்திலும் எழக்கூடியது. எனினும் மடற்குழுவின் சில இயல்புகள் அத்தகைய முரணைப் பெருக்குகின்றன. ஒருவர் ‘உடன்படுகிறேன்’ எனச் சொல்ல விரும்பினாலும் அனைவர்க்கும் மடல் அனுப்ப வேண்டும். ஒரே கருத்து கிளை இழைகள் பலவற்றில் மீண்டும் மீண்டும் எழும். பொறுப்பாளர் அனைத்தையும் படித்தாக வேண்டும். சூடேறிய இழையைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க எளிய வழி இல்லை. களத்திலோ உடன்பாட்டை ஒரு குறியால் தெரிவிக்கலாம். அடுத்தடுத்துப் பதிவிடும் வேகத்தை மட்டுறுத்துநர் குறைக்கலாம்.

பைத்தான் குழு 2018இல் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் இயங்கும் களம் ஒன்றைத் தொடங்கியது. தொடக்கத்தில் மடற்குழுவும் களமும் உடனியங்கின. 2022இல் மொழி மேம்பாட்டு விவாதங்கள் களத்துக்கே உரியவையாக மாற்றப்பட்டன. திறமூல மடற்குழு மென்பொருள்களுள் பெரிதும் அறியப்பட்ட ‘மெயில்மேன்’ பைத்தான் மொழியில் எழுதப்பட்டது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. தம் மொழியிலேயே உருவான மடற்குழுக் கருவி இருந்தும் அக்குழுவினர் களத்தைத் தேர்ந்தமை, பழக்கத்தைக் காட்டிலும் மட்டுறுத்தலுக்கும் புதியவர் நுழைவுக்கும் அவர்கள் தந்த முதன்மையைக் காட்டுகிறது.

கெர்னல் குழுவில் மடல் பணிக்கருவியாகவே இருந்ததால் அதை மாற்றுவது பணிமுறையையே மாற்றுவதாகும். பைத்தான் குழுவிலோ நிரல் மதிப்பாய்வு முன்பே கிட்ஹப் தளத்துக்குச் சென்றுவிட்டது. மடற்குழுவில் எஞ்சியது கொள்கை விவாதம் மட்டுமே. இரு குழுக்களும் வெவ்வேறு முடிவெடுத்தமைக்கு இவ்வேறுபாடே தக்க விளக்கமாகும்.

மடற்குழுவின் இன்றைய நெருக்கடி

மடற்குழு எந்நிறுவனத்தையும் சாராதது என்ற கூற்று இன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. போலி அனுப்புநர் முகவரியைத் தடுக்கும் பொருட்டு ‘டிமார்க்’ என்னும் சரிபார்ப்பு முறை உருவாக்கப்பட்டது. ஒரு முகவரியிலிருந்து வருவதாகக் கூறும் மடல், உண்மையில் அம்முகவரிக்குரிய நிறுவனத்தின் வழியே வந்ததா என அது சோதிக்கிறது. மடற்குழு வழங்கியோ, உறுப்பினரின் பெயரிலேயே மடலை மறு அஞ்சல் செய்கிறது. பல குழுக்களில் தலைப்பில் குழுவின் பெயரையும் சேர்க்கிறது. இச்செயல் சரிபார்ப்பு முறைக்குப் போலியாகத் தோன்றும். 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் தன் முகவரிகளுக்குக் கடுமையான மறுப்புக் கொள்கையை அறிவித்தபோது, யாகூ முகவரியிலிருந்து மடற்குழுக்களுக்கு எழுதப்பட்ட மடல்களைப் பிற அஞ்சல் நிறுவனங்கள் ஏற்க மறுத்தன. மடற்குழு மென்பொருள்கள் அனுப்புநர் முகவரியை மாற்றியெழுதும் வசதியைச் சேர்த்தே இச்சிக்கலைக் கடந்தன.

காப்பகமும் ஒருவரையே சார்ந்திருந்தால் இடருக்கு உள்ளாகும். லார்ஸ் இங்கெப்ரிக்ட்சன் 2002இல் தொடங்கிய ‘ஜிமேன்’, ஆயிரக்கணக்கான மடற்குழுக்களின் மடல்களைத் திரட்டிவைத்தது. 2016இல் அதன் வலைமுகப்பு நின்றபோது, மென்பொருள் ஆவணங்களிலும் பிற இடங்களிலும் தரப்பட்டிருந்த இணைப்புகள் ஒருசேரப் பயனிழந்தன. மடல்கள் அழியவில்லை, அவற்றைச் சுட்டிய முகவரிகள் அழிந்தன. மேற்கோள் காட்டும் ஆய்வாளருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

தமிழ்க் கணிமைச் சான்று

மடற்குழுவில் உருவான தொழில்நுட்ப முடிவுக்குத் தமிழிலேயே சிறந்த சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழு, பல நாட்டுத் தமிழரை ஒன்றுசேர்த்தது. அக்காலத்தில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்டிருந்தது. ஒருவர் எழுதிய தமிழ், மற்றொருவர் கணினியில் அதே எழுத்துரு இல்லையெனில் குறிகளின் குவியலாகத் தோன்றும். மடற்குழுவுக்கு இச்சிக்கல் கோட்பாட்டளவில் நிற்பதன்று, நாள்தோறும் எதிர்கொள்ளப்பட்டது.

இச்சூழலில் 1997 முதல் மடற்குழு விவாதங்களின்வழி ‘டிஸ்கி’ என்னும் பொதுக் குறியேற்றம் உருவாயிற்று. எட்டுப் பிட்டுகளில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய பாதியில் 247 தமிழ் எழுத்துகளையும் தனித்தனியே வைக்க இடமில்லை. எவ்வடிவங்களுக்குத் தனியிடம் தருவது, எவற்றைக் கூட்டியெழுதுவது என்பதே வடிவமைப்பின் கடினமான வினா. ‘கு’, ‘கூ’ போன்ற வடிவங்கள் தனியிடம் பெற்றன. ‘கொ’ போன்றவை கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்து அமைந்தன. அரசு நிறுவனம் ஒன்றின் ஆணையின்றி, வெவ்வேறு நாடுகளிலிருந்த தன்னார்வலர் இத்தகைய முடிவுகளுக்கு வந்தனர். 2007இல் டிஸ்கி, இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பான ஐயானாவில் பதிவு பெற்றது. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டமும், இணையவழி இணைந்த தன்னார்வலரின் உழைப்பால் வளர்ந்ததே.

டிஸ்கியின் அட்டவணை இன்று எளிதில் கிடைக்கிறது. ஒவ்வோர் இடமும் ஏன் அவ்வாறு ஒதுக்கப்பட்டது என்பதை விளக்கும் விவாதமே ஆய்வாளருக்கு அரிய மூலம். தமிழ் எழுத்தைப் பற்றித் தமிழர் தமக்குள் நடத்திய கருத்தாடலாக அதற்கு மொழியியல் மதிப்பும் உண்டு.

தமிழ் மடல்களைக் காப்பதில் பிறமொழியாளர் பலருக்கு இல்லாத மற்றொரு சுமையும் சேர்கிறது. தொடக்ககால மடல்கள் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்தோ, டிஸ்கி போன்ற குறியேற்றங்களிலோ எழுதப்பட்டவை. ஒருங்குறியை மட்டும் அறிந்த இன்றைய கணினியில் அவை மேற்குறி இட்ட இலத்தீன் எழுத்துகளாகவே தெரியும். மடலைக் காப்பதுடன் அது எக்குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்ற குறிப்பையும் காத்தால்தான் அது படிக்கத்தக்க ஆவணமாகும்.

அழிவின் படிப்பினை

1990களின் இறுதியிலும் 2000களிலும் தமிழ் மடற்குழுக்கள் பல, இலவச நிறுவனச் சேவைகளை நாடின. அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் முதலிய குழுக்கள் யாகூ குழுமத்தில் இயங்கியவை. மடற்குழுவும் வலைக்காப்பகமும் கோப்புச் சேமிப்பும் ஒரே இடத்தில் விலையின்றிக் கிடைத்தமை அச்சேவையின் ஈர்ப்பு. 2019 அக்டோபரில் யாகூ தன் குழுமங்களின் உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. தரவுகளைப் பெற்றுக்கொள்ளும் கெடு 2020 ஜனவரி இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 15ஆம் நாள் சேவை முற்றிலும் நின்றது.

மின்னஞ்சலில் மடல்களைப் பெற்றுவந்த உறுப்பினர் எவரேனும் அவற்றை அழிக்காமல் வைத்திருந்தால், அக்குழுவின் உரையாடலை மீட்க இன்றும் வழி உண்டு. வலைப்பக்கத்தில் மட்டும் படித்துவந்தவர்களிடம் எதுவும் இராது. குழுவின் கோப்புப் பகுதியில் ஏற்றப்பட்ட பொருள்களுக்கும் பெரும்பாலும் இதுவே நிலை. ஒரே சேவைக்குள்ளேயே மடலாகப் பரவிய பகுதி மீளத்தக்கதாகவும், களம்போல் ஓரிடத்தில் தங்கிய பகுதி மீள அரியதாகவும் ஆயிற்று. இக்கட்டுரை வலியுறுத்தும் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது.

அண்மைக் காலத்தில் குழு உரையாடல் வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற உடனடிச் செய்திச் சேவைகளுக்கு விரைந்து பெயர்கிறது. அவற்றின் மூடிய குழுக்கள் வெளியிலிருந்து தேட இயலாதவை. நிலையான முகவரி கொண்ட காப்பகம் அவற்றுக்கு இயல்பாக அமைவதில்லை. ஆவணக் காப்பு நோக்கில் இவை மடற்குழுவின் பரவலையும் களத்தின் ஒழுங்கையும் ஒருங்கே இழந்தவை.

இரண்டையும் இணைக்கும் முயற்சிகள்

இரு அமைப்புகளும் இன்று ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. 2015இல் வெளிவந்த மெயில்மேன் மூன்றாம் பதிப்பு, மடற்காப்பகத்தைக் களம்போலக் காட்டி, வலையிலிருந்தே விடை எழுதவும் இடம் தருகிறது. டிஸ்கோர்ஸ், எல்லாப் பதிவுகளையும் மின்னஞ்சலாகப் பெறவும் மின்னஞ்சல்வழி விடையிறுக்கவும் வசதி அளிக்கிறது. ஆயினும் இணைப்பு முழுமையானதன்று. களத்தில் ஒருவர் தம் பதிவைத் திருத்தினால், முன்னர் மடலாகச் சென்ற படி பழைய வடிவிலேயே நிற்கும். ஒரே உரைக்கு இரு பாடங்கள் உருவாகும். எப்பாடத்தை மேற்கோள் காட்டுவது என்பதை ஆய்வாளர் தெளிவாகக் குறிப்பிட வேண்டியுள்ளது. களப் பதிவை மேற்கோள் காட்டும்போது பதிவு நாளுடன் பார்வையிட்ட நாளையும் தருவது இதனால் இன்றியமையாததாகிறது.

முடிவுரை

மடற்குழு, களம் ஆகிய இரண்டனுள் எது சிறந்தது என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. மதிப்பாய்வே மடலாக நடைபெறும் குழுவுக்கு மடற்குழு பொருந்துகிறது. புதியவரை வரவேற்பதையும் பூசலைக் கட்டுப்படுத்துவதையும் முதன்மையாகக் கொள்ளும் குழுவுக்குக் களம் பொருந்துகிறது. எந்த வெளியைத் தேர்ந்தாலும் ஒரு கடமை பொதுவானது: மடற்குழுவில் தானாக நிகழும் நகல் பரவலைக் களத்தில் திட்டமிட்டு நிகழ்த்த வேண்டும்.

அதற்குச் சில நடைமுறைகள் துணைசெய்யும். களத்தின் தரவுத்தளத்தைக் குறித்த கால இடைவெளியில் பொதுவான கோப்பு வடிவில் வெளியிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம். முடிவெடுக்கப்பட்ட விவாதங்களின் சுருக்கத்தை மென்பொருளின் ஆவணங்களோடு சேர்த்தே வைக்கலாம். தமிழ்க் குழுக்கள் பழைய மடல்களை ஒருங்குறிக்கு மாற்றும்போது மூலப்படியையும் உடன் காக்கலாம். தமிழ்.நெட் காலத்து உறுப்பினர்களிடம் எஞ்சியிருக்கும் மடல்தொகுப்புகளைத் திரட்டும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் ஆவணக் காப்பகங்களும் மேற்கொள்ளத் தகும். அம்மடல்களில் தனியர் செய்திகளும் கலந்திருப்பதால், எழுதியவர் இசைவு பெறும் நெறிமுறையும் உடன் வகுக்கப்பட வேண்டும்.

சுவடிகள் அழிந்ததால் தமிழ் இழந்த நூல்களின் பெயர்களை உரையாசிரியர்களின் குறிப்புகளால் மட்டுமே அறியும் நிலை தமிழாய்வுக்குப் புதிதன்று. கணினித் தமிழின் தொடக்ககால விவாதங்கள் நடந்து முப்பது ஆண்டுகளே ஆகின்றன. அவற்றை எழுதியவர்களுள் பலர் இன்றும் வாழ்கின்றனர். மடல்கள் சில அவர்களின் பழைய கணினிகளிலும் இருக்கக்கூடும். அவை கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதே தொகுக்கப்பட வேண்டும்.